சிங்கமும் கேடயமும் நமக்கு எதற்கு?



சென்ற தை மாதம் ஒரு நாள் காலை. ராயபுரத்தில் என் மளிகைக் கடையில் வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரம். காசிமேட்டிலிருந்து வழக்கமாக வரும் ஓர் அம்மாள், கையில் ரவைப் பாக்கெட்டோடு வந்து நின்றார். "இன்னா அண்ணாச்சி, ரவையில வண்டு மேயுது. இத்தினி வருசமா உங்க கடையிலதான் வாங்கறேன், இப்படியா குடுப்பீங்க?" என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார். வாங்கிப் பார்த்தேன். வண்டு இருந்தது உண்மை. ஆனால் பாக்கெட் என் கடையுடையது அல்ல.

"இது நம்ம கடைச் சரக்கு இல்லேம்மா" என்றேன்.

"அதே சிங்கம்தானே போட்டிருக்குது?"

திருப்பிப் பார்த்தேன். என் கடைத் துணிப்பையில் இருக்கிற அதே சிங்கம், அதே கேடயம், மேலே அதே கிரீடம், கீழே அதே சுருள் நாடா. நாடாவுக்குள் எழுதியிருந்த பெயர் மட்டும் வேறு. அந்த அம்மாளுக்கு எழுத்துப் படிக்க வராது. சிங்கத்தைப் பார்த்துத்தான் கடையை அடையாளம் வைத்திருக்கிறார்.

வேறு பாக்கெட் கொடுத்து அனுப்பினேன். ஒரு பாக்கெட் ரவை போனது பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் எதிரில் நின்ற நாலு பேரும் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள்? அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

விசாரித்ததில் அந்தப் பாக்கெட் திருவொற்றியூரில் ஒரு கடையுடையது என்று தெரிந்தது. நேரில் போனேன். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர்; என்னுடைய பையைப் பார்த்து அவரும் திகைத்துப் போனார். அவர் என்னைக் காப்பியடிக்கவில்லை, நானும் அவரைக் காப்பியடிக்கவில்லை. இருவரும் வெவ்வேறு டிசைன் கடைகளில் "கெத்தாக ஒரு எம்பளம் போடுங்க" என்று சொல்லியிருக்கிறோம். இரண்டு கடைக்காரர்களும் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் ஒரே கட்டிலிருந்து ஒரே சிங்கத்தை எடுத்து ஒட்டித் தந்திருக்கிறார்கள். அதன் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தையல் கடை, ஓர் உடற்பயிற்சிக் கூடம், ஒரு டியூஷன் சென்டர். எல்லார் போர்டிலும் எங்கள் சிங்கம் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தச் சிங்கமும் கேடயமும் எங்கிருந்து வந்தன? ஐரோப்பாவில் பிரபுக்களும் நகர சபைகளும் வணிகச் சங்கங்களும் வைத்துக்கொண்ட 'கோட் ஆப் ஆர்ம்ஸ்' என்கிற குலச்சின்னத்திலிருந்து வந்தவை. இங்கிலாந்தில் அதற்கென்றே 1484ஆம் ஆண்டிலிருந்து காலேஜ் ஆப் ஆர்ம்ஸ் என்ற அலுவலகம் இருக்கிறது. ஒருவருக்குக் கொடுத்த சின்னத்தை இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் அதன் தலையாய வேலை. அப்படி ஒருவருக்கு மட்டுமே உரியது என்று காத்து வந்த ஒரு பொருளை, ஊருக்கெல்லாம் பொதுவாக்கி நம் தலையில் கட்டிவிட்டது கம்ப்யூட்டர் கட்டு. இந்தியாவில் தனியாருக்குக் குலச்சின்னம் வழங்கும் அலுவலகம் எதுவும் கிடையாது. ஆகவே நம்மிடம் விற்கப்படும் சிங்கத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை.

அந்தச் சிங்கம் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1803லும் 1808லும் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சோஹோ நாணயச் சாலையில் செப்புக் காசுகள் அடிக்கப்பட்டன. இருபது காசு, பத்து காசு நாணயங்களில் இருபுறமும் சிங்கங்கள் தாங்கி நிற்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேடயச் சின்னம் இருக்கும். அப்படி டன் கணக்கில் காசு ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு வெளியேறும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இது ராஜாவின் சின்னம் அல்ல, ஒரு வணிகக் கம்பெனியின் சின்னம். இந்தக் கேடயம் தவிர கம்பெனிக்கு இன்னொரு குறியும் இருந்தது. இதயம் போன்ற ஒரு வடிவத்தைக் கோடுகளால் பிரித்து, உள்ளே கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளை எழுதி, மேலே ஆங்கில நான்கு போல ஒரு கோடு போட்ட மூட்டைக் குறி அது. சரக்குப் பொதிகளின் மேல் போட்டது. நம் பாஷையில் சொன்னால் மார்க்கா.

நமக்கும் சொந்தச் சரக்கு இல்லாமல் போய்விடவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும் புலி, பக்கத்தில் பாண்டியரின் இரட்டை மீன், சேரரின் வில், மேலே குடை, சாமரம். யாரை வென்றான், யார் நிலத்தை ஆண்டான் என்பதை எழுத்துத் தெரியாதவனுக்கும் சொல்லிவிடுகிற படம். அரசர்கள் மட்டுமா? ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவினரின் கல்வெட்டுகளில் எழுத்தோடு வாள், வில், விளக்கு, குடை, பை என்று சின்னங்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. கடல் தாண்டிச் சரக்கு அனுப்பிய நம் முன்னோர், இங்கிலாந்துச் சிங்கத்தைக் கடன் வாங்கவில்லை.

என் தகப்பனார் காலத்தில் எங்கள் கடைக்கும் ஒரு குறி இருந்தது. ஜார்ஜ் டவுன் மொத்தக் கடைகளிலிருந்து மூட்டைகள் கைவண்டியில் வரும். ஒரே வண்டியில் நாலு கடைச் சரக்கு இருக்கும். மூட்டை மாறாமல் இருக்கத் தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துக் கறுப்பு மையைத் தடவுவார்கள். எங்கள் அச்சு, ஒரு நங்கூரமும் அதன் மேல் ஒரு படியும். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் எங்களிடம் அரிசி வாங்கினார்கள் என்பதால் நங்கூரம். அளந்து கொடுக்கிறோம் என்பதால் படி. சுமை தூக்குகிறவர்கள் எழுத்துப் படிக்கமாட்டார்கள், படியைப் பார்த்து எங்கள் வாசலில் இறக்குவார்கள். ரவை விவகாரத்துக்குப் பிறகுதான் பரணில் ஏறி அந்தத் தகரத்தைத் தேடினேன். ஓரமெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. இதை வைத்துக்கொண்டா நான் சிங்கத்தைத் தேடிப் போனேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்தத் தகரத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பியிடம் போனேன். அதில் கற்றுக்கொண்டதை நம் வணிகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், படம் இரண்டு வகை. போட்டோ போலப் புள்ளி புள்ளியாகச் சேர்ந்தது பிட்மேப். கோடும் வளைவுமாகக் கணக்கில் நிற்பது வெக்டர். பிட்மேப்பைப் பெரிதாக்கினால் பிசிறு தட்டும். வெக்டரை ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்கும் குறுக்கலாம், கடை போர்டு அளவுக்கும் பெருக்கலாம், கோடு கூர்மையாகவே இருக்கும். நம் பக்கத்து டிசைன் கடைகளில் பெரும்பாலும் கோரல் டிராவில் வேலை செய்கிறார்கள், அது வெக்டருக்கானதுதான். ஆனால் உள்ளே ஒரு பிட்மேப் சிங்கத்தை ஒட்டிவிட்டு அதையும் கோரல் பைல் என்றே கொடுப்பார்கள். திரையில் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஓரம் படிக்கட்டு போலத் தெரிந்தால் ஏமாந்துவிட்டீர்கள்.

தகரத்தை ஸ்கேன் செய்து அதன் மேல் கோடு இழுப்பதற்கு முன் அந்தத் தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணாச்சி, படம் காட்டாம, வாயால உங்க மார்க்கைச் சொல்லுங்க." நான் சொன்னேன்: "நீலத் தரையில் வெள்ளை நங்கூரம், அதன் தலைக்கு மேல் மஞ்சள் படி, எழுத்து இல்லை." அவ்வளவுதான். ஐரோப்பியக் குலச்சின்னக் கலையில் இதற்கு 'பிளேசன்' என்று பெயர். அவர்களுக்குப் படம் முக்கியமல்ல, இந்த ஒரு வரி வர்ணனைதான் மூலம். எந்தச் சித்திரக்காரர் வரைந்தாலும் வர்ணனைக்குப் பொருந்தினால் அது அதே சின்னம். தகரம் துருப்பிடித்தாலும் கம்ப்யூட்டர் கெட்டாலும் அந்த வரி இருந்தால் போதும், மறுபடி வரைந்துகொள்ளலாம். ஒரு வரியில் சொல்ல முடியாத சின்னம் வாடிக்கையாளர் மனதில் தங்காது என்றும் எனக்குப் பட்டது. சிங்கம், கேடயம், கிரீடம், நாடா, நட்சத்திரம், நெற்கதிர், தராசு எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நிறத்திலும் அவர்களிடம் ஒரு நல்ல விதி இருக்கிறது. மஞ்சளும் வெள்ளையும் அவர்கள் கணக்கில் உலோகம், அதாவது தங்கம், வெள்ளி. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வர்ணம். உலோகத்தின் மேல் உலோகம் வைக்கக் கூடாது. வர்ணத்தின் மேல் வர்ணம் வைக்கக் கூடாது. போர்க்களத்தில் தூரத்திலிருந்தே கொடி தெரிய வேண்டும் என்பதற்காக வந்த பழக்கம். நம்முடைய கடை போர்டுகளை ஒரு மாலைப் பொழுதில் பாருங்கள். சிவப்புத் தரையில் நீல எழுத்து, வெள்ளைத் தரையில் மஞ்சள் எழுத்து. மணலி லாரிகள் கிளப்பும் தூசியில் பத்தடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது. அந்த விதி தெரிந்திருந்தால் பாதி பிளெக்ஸ் காசு மிச்சமாகியிருக்கும்.

கறுப்பு மட்டும் அடிக்கிற இடத்தில் என்ன செய்வது? நம் பில் மெஷினை எடுத்துக்கொள்வோம். சாதாரண தெர்மல் பிரிண்டர் அங்குலத்துக்கு 203 புள்ளி அடிக்கும், அதாவது மில்லிமீட்டருக்கு எட்டு. 58 மில்லிமீட்டர் காகிதத்தில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர். மொத்தம் 384 புள்ளிதான். வர்ணம் கிடையாது. மெல்லிய நிழலெல்லாம் அழுக்குப் போல விழும். பதினேழாம் நூற்றாண்டில் பெட்ரா சாங்டா என்ற ஏசு சபைப் பாதிரியார் பரப்பிய ஒரு முறை இதற்குக் கை கொடுக்கிறது. மஞ்சளுக்குப் புள்ளி, வெள்ளைக்கு வெறுமை, சிவப்புக்கு நெட்டுக் கோடு, நீலத்துக்குப் படுக்கைக் கோடு, பச்சைக்குச் சாய்ந்த கோடு, கறுப்புக்குக் குறுக்கும் நெடுக்குமான கட்டம். எங்கள் பில்லில் இப்போது நங்கூரத்தின் பின்னால் படுக்கைக் கோடுகள் விழுகின்றன. பார்க்க அலைகள் போலவும் இருக்கிறது. அது நான் திட்டமிட்டதல்ல, தானாக வந்த அதிர்ஷ்டம்.

அச்சு விஷயம் வந்துவிட்டது, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போகிற இடம் இதுதான். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் அரசு மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. நம்மில் பலரும் துணிப்பைக்கு மாறினோம். துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது மை நூலுக்குள் பரவும். காகிதத்தில் அழகாக விழும் தலைமுடி போன்ற கோடு துணியில் ஒன்று அடைத்துக்கொள்ளும், இல்லை காணாமல் போகும். சிங்கத்தின் பிடரி மயிர் என் பழைய பையில் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் இருந்தது. என் அனுபவத்தில், பையில் ஒரு மில்லிமீட்டருக்கு மெல்லிய கோடு வேண்டாம். மெல்லிய கோடுதான் அழகு என்றால், திருவொற்றியூர் என்பீல்டு தொழிற்சாலையில் பெட்ரோல் டேங்க் மேல் கையால் தங்கக் கோடு இழுக்கிறார்களே, அந்தக் கைக்குத்தான் அது வரும்.

செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து வரும் பின்னல் சாக்குகளைப் பார்த்திருப்பீர்கள். மானின் கண் ஒரு பக்கம், கண்ணின் கறுப்பு ஒரு பக்கம் விலகி நிற்கும். பிளெக்ஸோ முறையில் ஒவ்வொரு நிறமும் தனித் தனியாக விழுவதால் சற்றே விலகல் வருவது சகஜம். அதனால் இரண்டு நிறம் தொடும் இடத்தில் கறுப்புக் கோடு ஒன்று ஓடும்படியோ, ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சிறிது ஏறும்படியோ வரைய வேண்டும். பளபளப்பான லேமினேஷன் சாக்குக்கு கிராவூர் சிலிண்டர் செய்ய வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். சின்னத்தில் இரண்டு நிறம் குறைத்தால் இரண்டு சிலிண்டர் காசு மிச்சம். பிறகு இந்தத் தங்க நிறம். திரையில் தங்கமாக ஜொலிப்பது நாலு வர்ண ஆப்செட்டில் கடுகுத் துவையல் நிறத்தில்தான் வரும். உண்மையான தங்கம் வேண்டுமானால் உலோக மை அல்லது பாயில் ஒட்டும் ஹாட் ஸ்டாம்பிங். கல்யாணப் பத்திரிகைக்குச் சரி, மிளகாய்த் தூள் பாக்கெட்டுக்கு எதற்கு?

கடைப்பெயரைத் தமிழில் சேர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி.டி.பி. கடையில் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பெயர் இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிறுக்கியது போல மாறிவிடும். எழுத்தை 'கர்வ்' ஆக மாற்றித் தரச் சொல்லி வாங்குங்கள். அப்போது அது எழுத்தல்ல, படம். எங்கே திறந்தாலும் மாறாது. மூல பைலோடு பி.டி.எப். ஒன்று, எஸ்.வி.ஜி. ஒன்று, கறுப்பு மட்டும் உள்ள பிரதி ஒன்று என்று பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கி வருவது, அதை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

மூல பைல் என்றதும் பல டிசைன் கடைக்காரர்களின் முகம் மாறும். எனக்கும் முன்பு ஒரு முறை நடந்திருக்கிறது. லேபிள் வரைந்து கொடுத்த ஒருவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார், கூடவே என் பைலும் போனது. காசு கொடுத்தது நான்தானே என்று நினைத்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வைத்த ஆள் வரையாமல் வெளியார் ஒருவர் லோகோ வரைந்தால், எழுதி வாங்காத வரை உரிமை பொதுவாக வரைந்தவரிடமே நிற்கும். எழுதி வாங்கும்போதும் எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுதான். எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். எந்தப் படம், எவ்வளவு காலம், எந்த எல்லை, எவ்வளவு தொகை என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க அரை மணி நேரம் ஆகாது. இப்போது வார்த்தையில் சொன்னால் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. யோசனைக்குப் பார்க்கலாம். ஆனால் அதில் வருவது பெரும்பாலும் பிட்மேப், கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து கோடு இழுத்துத்தான் ஆக வேண்டும். அது யார் சின்னத்தின் சாயலில் வந்தது என்பதும் நமக்குத் தெரியாது.

எதைப் போடக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். லெட்டர் ஹெட்டில் நாற்சிங்கத் தூணைப் போட்டுக்கொள்கிற பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. 2005ஆம் ஆண்டு தேசியச் சின்னச் சட்டம் வியாபாரத்துக்கும் டிரேட் மார்க்குக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி, இரண்டாண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று தண்டனையும் விதித்திருக்கிறது. 1949ல் ஓவியர் கிருஷ்ண ராவ் வரைந்த நம் மாநிலத்தின் கோபுரச் சின்னத்துக்கும், அசோகச் சக்கரத்துக்கும், மகாத்மா காந்தி படத்துக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் காவல் இருக்கிறது. மருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் வெள்ளைத் தரையில் செஞ்சிலுவையை வைத்திருந்தால் எடுத்துவிடுவது நல்லது. 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்தின்படி அதைக் கடைக்குப் போட அனுமதி இல்லை.

சொந்தச் சின்னத்தைக் காப்பாற்ற வழி டிரேட் மார்க் பதிவுதான். நமக்கான அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மாவு, மசாலா, அரிசி என்றால் 30ஆம் வகுப்பு. கடை நடத்தும் சேவைக்கு 35ஆம் வகுப்பு. அரசிதழ் போன்ற அவர்கள் பத்திரிகையில் வெளியாகி, நாலு மாதத்தில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதிவாகும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பதிவாகும் முன் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போட்டுக்கொள்வது தவறு.

"இருநூறு சதுர அடிக் கடைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். எல்லாரும் கிண்டிக்குப் போக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. பாக்கெட் போட்டு விற்கிறவர்கள் போகட்டும். ஆனால் மற்றவர்களுக்காக நம் சங்கம் ஒன்று செய்யலாம். சங்க அலுவலகத்தில் ஒரு சின்னப் பதிவேடு திறக்க வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள உறுப்பினர்கள், தங்கள் கடைக் குறியின் படத்தையும் ஒரு வரி வர்ணனையையும் அதில் ஒட்டட்டும். புதிதாகச் சின்னம் போடப் போகிறவர் முதலில் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு டிசைன் கடைக்குப் போகட்டும். இதற்குச் சட்டத்தின் பலம் கிடையாது, தெரியும். ஆனால் ஒரே தெருவில் இரண்டு நங்கூரம் வராமல் பார்த்துக்கொள்ளச் சட்டமா வேண்டும்? இதழில் மாதம் அரைப் பக்கம் ஒதுக்கினால் புதிய குறிகளை வெளியிடவும் செய்யலாம். பழைய தகர அச்சுகள், செம்பு பிளாக்குகள் எவர் வீட்டுப் பரணில் கிடந்தாலும் எடுத்து வாருங்கள். ஸ்கேன் செய்யும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வர இருக்கிறேன்.

திருவொற்றியூர் கடைக்காரரிடமும் இதைச் சொன்னேன். அவர் பாட்டனார் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தாராம். செக்கையே சின்னமாக வரையக் கொடுத்திருக்கிறார். காசிமேட்டு அம்மாளிடம் என் புதுப் பையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நங்கூரம் சரி, மேல என்னா அது, டம்ளரா?" என்றார். படியின் விளிம்பைக் கொஞ்சம் தடிப்பாக்கச் சொல்லித் தம்பியிடம் பைலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.